உள்ளூர் லைசென்ஸ் கைக்கு வரும் முன்னே கார் வாங்குவது

புது நாட்டில் குடியேறியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "இங்கத்து லைசென்ஸ் இன்னும் எடுக்கலை, கார் வாங்கலாமா?" பெரும்பாலான நாடுகளில் தாராளமாக வாங்கலாம். கார் ஒரு சொத்து. அதை வாங்க ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பது அபூர்வம். பணமும் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் இருந்தால் விற்பவர் விற்றுவிடுவார். முடிச்சு விழுவது இன்சூரன்ஸில். ஆனால் பெரும்பாலோர் செய்வது என்ன? காரைப் பார்த்து, பேரம் பேசி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் இன்சூரன்ஸ் தேடுகிறார்கள். அப்போது வரும் தொகையைப் பார்த்துத் தலை சுற்றும், அல்லது எந்தக் கம்பெனியும் எடுக்க மாட்டேன் என்று கைவிரிக்கும். அதற்குள் அட்வான்ஸ் போய்விட்டிருக்கும்.

சொந்தமாக வைத்திருப்பது, அரசிடம் பதிவு செய்வது, இன்சூரன்ஸ் எடுப்பது, ஓட்டுவது: இவை நான்கும் தனித்தனி விஷயங்கள். நான்குக்கும் தனித்தனி விதிகள், தனித்தனி அலுவலகங்கள். டீலர் "லைசென்ஸ் கட்டாயம் சார்" என்று சொன்னால், இந்த நான்கில் எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் டெஸ்ட் டிரைவுக்காகவோ லோனுக்காகவோ இருக்கும். சட்டம் கேட்பது வேறு, அந்தக் கடையின் வழக்கம் வேறு.

பதிவுக்கு என்ன கேட்பார்கள்

நாட்டுக்கு நாடு மாறும். சில உதாரணங்களைப் பார்த்தால் போக்கு புரியும்.

ஜெர்மனியில் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், முகவரி பதிவு செய்த சான்று, இன்சூரன்ஸ் உண்டு என்று உறுதிசெய்து கம்பெனி தரும் ஏழு எழுத்து ஈவிபி எண், பழைய வண்டியென்றால் பதிவுச் சான்றின் இரண்டு பாகங்களும், காலாவதியாகாத தொழில்நுட்பச் சோதனை அறிக்கை, வாகன வரியை வங்கிக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ள அனுமதிக் கடிதம். இதில் லைசென்ஸ் எங்கும் இல்லை. ஈவிபி எண் இல்லாமல் மட்டும் ஒரு அடி நகர முடியாது.

கனடாவின் ஒன்டாரியோவில் வாகனம் வைத்திருப்பவருக்கு ஆர்ஐஎன் என்ற பதிவாளர் அடையாள எண் வேண்டும். உள்ளூர் லைசென்ஸ் இல்லாதவரும் சர்வீஸ் ஒன்டாரியோவில் அடையாளச் சான்று காட்டி அதைப் பெறலாம். தனியாரிடம் பழைய கார் வாங்கினால், விற்பவர் யூவிஐபி என்ற தகவல் தொகுப்பை எடுத்துத் தர வேண்டும். அந்த மாகாணத்தில் வண்டி யார் யார் கையில் இருந்தது, அதன்மேல் கடன் இருக்கிறதா என்ற விவரங்கள் அதில் இருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாள்தான் செல்லும் என்பதால் அதை முன்கூட்டியே வாங்கி வைப்பதில் பிரயோஜனம் இல்லை. நம்பர் பிளேட் வண்டியோடு வராது, விற்பவர் கழற்றிக்கொள்வார்.

பிரிட்டனில் வி5சி என்ற பதிவுப் புத்தகத்தில் இருப்பது உரிமையாளர் பெயர் அல்ல, 'பதிவு பெற்ற பொறுப்பாளர்' பெயர். அதிலேயே அப்படி அச்சிட்டிருக்கும். ஆகவே பணம் கொடுத்ததற்கான ரசீதைத் தனியாக வாங்கி வைப்பது முக்கியம். 2014 அக்டோபரிலிருந்து சாலை வரி வண்டியோடு கை மாறுவதில்லை. பழையவர் கட்டிய வரி மிச்சமிருந்தாலும் வாங்கியவர் புதிதாகக் கட்டிய பிறகே சாலையில் இறக்கலாம். விற்பவர் தரும் பச்சைத் துண்டில் உள்ள எண்ணை வைத்து உடனே கட்டிவிடலாம்.

ஜப்பானில் லைசென்ஸைவிட நிறுத்த இடம்தான் பெரிய தடை. வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இடம் இருக்கிறது என்று போலீஸ் தரும் சான்று இல்லாமல் சாதாரண கார் பதிவாகாது. பதிவு செய்த முத்திரையும் அதற்கான சான்றும் வேண்டும். மஞ்சள் பிளேட் போட்ட சின்ன 'கேய்' கார்களுக்கு அந்த முத்திரைச் சான்று தேவையில்லை, வசிப்பிடச் சான்று போதும். புதிதாகப் போனவர்களுக்குக் கேய் கார் தோதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதிவிலக்கு பிரான்ஸ். 2017 முதல் அங்கே பதிவு அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே லைசென்ஸ் நகல் கேட்கிறார்கள். லைசென்ஸ் உள்ள ஒருவரை முதல் பெயராகவும் வாங்குபவரை இணைப் பெயராகவும் போடுவதுதான் அங்கே வழி. லைசென்ஸே தேவையில்லை என்று வேறு நாட்டு அனுபவத்தில் யாராவது சொன்னால், பிரான்ஸில் அது எடுபடாது.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அங்கே 'டைட்டில்' என்ற உரிமைப் பத்திரம்தான் எல்லாம். இரண்டு பேர் பெயரில் எடுத்தால், பெயர்களுக்கு நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் 'அண்ட்' என்று இருந்தால் விற்கும்போது இருவரும் கையெழுத்திட வேண்டும். 'ஆர்' என்று இருந்தால் ஒருவர் போதும். ஒருவர் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு இந்த ஒரு சொல் வித்தியாசத்தில் வண்டி விற்க முடியாமல் கிடக்கும்.

இந்தியாவுக்கு வந்து தங்குபவருக்கும், வெளிநாட்டிலிருந்து திரும்பி லைசென்ஸ் காலாவதியானவருக்கும் இதே கதைதான். புது வண்டி பதிவுக்கான படிவம் 20, பழைய வண்டி பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றோடு முகவரிச் சான்றும் அடையாளமும் கொடுத்தால் போதும். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். மோட்டார் பாலிசியோடு சேர்த்து உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்ச ரூபாய்க்கு எடுக்கச் சொல்வார்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாத உரிமையாளருக்கு அது பொருந்தாது. பிரீமியம் கட்டினாலும் கிளெய்ம் நிற்காது. லைசென்ஸ் இல்லை என்று எழுதிக் கொடுத்து அந்தக் காப்பீட்டைப் பாலிசியிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.

ஓட்ட எத்தனை நாள் அனுமதி

வாங்கிய காரைச் சொந்த ஊர் லைசென்ஸை வைத்து ஓட்ட முடியுமா என்பது அடுத்த கேள்வி. பல நாடுகளில் முடியும், ஆனால் கெடு உண்டு. பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம். ஜெர்மனியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய லைசென்ஸ் 6 மாதம். ஒன்டாரியோவில் 60 நாள். சிங்கப்பூரில் 12 மாதத்துக்குள் அடிப்படை விதித் தேர்வை எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியாவில் அந்த மாநிலவாசி ஆன 10 நாளுக்குள் உள்ளூர் லைசென்ஸ் எடுக்கச் சொல்கிறது விதி. சுற்றுலாப் பயணிக்கு ஒரு கணக்கு, குடியேறியவருக்கு ஒரு கணக்கு. விசா வகையும் முகவரி பதிவு செய்த தேதியும் உங்களைக் குடியேறியவர் பக்கம் தள்ளிவிடும். "நான் டூரிஸ்ட் மாதிரிதான் ஓட்டுறேன்" என்ற வாதம் அதன் பிறகு எடுபடாது.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்ற அந்தச் சாம்பல் நிறப் புத்தகத்தைப் பற்றித் தப்பான எண்ணம் நிறைய. அது தனி லைசென்ஸ் அல்ல, உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு. அசல் அட்டை கையில் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுத்தது ஒரு வருடம் செல்லும். 1968 வியன்னா ஒப்பந்தப்படி கொடுத்தது அதிகபட்சம் மூன்று வருடம். இந்தியா கொடுப்பது 1949 வகை. ஜப்பான் 1949 வகையை மட்டும் ஏற்கும். சீனா இரண்டையும் ஏற்பதில்லை. லைசென்ஸ் கொடுத்த நாட்டில்தான் இதையும் வாங்க வேண்டும், ஆகவே கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். போன பிறகு இணையத்தில் ஐந்து வருடம், பத்து வருடம் என்று விற்கும் அட்டைகள் வெறும் பிளாஸ்டிக்.

சொந்த லைசென்ஸைத் தேர்வில்லாமல் மாற்றித் தருவார்கள் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பிரிட்டன் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சிங்கப்பூர் லைசென்ஸ் அதில் இருக்கிறது, இந்தியாவும் இலங்கையும் இல்லை. ஜெர்மனியில் இந்திய லைசென்ஸ்காரர் எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு இரண்டையும் எழுத வேண்டும். தேர்வுக்குத் தேதி கிடைப்பதே பல இடங்களில் மாதக்கணக்கில் இழுக்கும். கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது விண்ணப்பித்தால், நடுவில் கார் வாசலில் நிற்கும், நீங்கள் பஸ்ஸில் போவீர்கள்.

இன்சூரன்ஸ்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உங்கள் சொத்துரிமை பற்றி அக்கறை இல்லை. அவர்கள் கேட்பது இரண்டுதான்: ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் போவது யார், அவர் எத்தனை வருடம் விபத்தில்லாமல் ஓட்டியிருக்கிறார்? வெளிநாட்டு லைசென்ஸ் என்றால் இரண்டாவது கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் புதிதாகக் கற்றவருக்கான பிரீமியத்தைப் போடுவார்கள், அல்லது மறுப்பார்கள்.

பிரீமியத்தைக் குறைக்கும் ஒரே ஆயுதம் காகிதம். ஊரை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு கடிதம் வாங்க வேண்டும். ஒன்று, லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்திலிருந்து: முதன்முதலில் லைசென்ஸ் கொடுத்த தேதி, எந்த வகை வண்டிகளுக்கு, இப்போது செல்லுபடியாகிறதா என்று. அட்டையில் புதுப்பித்த தேதி மட்டும் தெரிந்தால், பதினைந்து வருட அனுபவக்காரரும் இரண்டு வருடக்காரராகத் தெரிவார். இந்திய லைசென்ஸ் பழைய புத்தக வடிவில் இருந்தால், அது பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து: லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், பாலிசி எண், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, எத்தனை வருடம் கிளெய்ம் இல்லை என்ற வரி. பாலிசி ரினியூவல் நோட்டீஸில் நோ கிளெய்ம் போனஸ் சதவீதம் இருக்கும், அது போதாது. சதவீதத்தை வைத்து அங்குள்ளவர்களுக்கு வருடக் கணக்கு போடத் தெரியாது.

எல்லாக் கம்பெனியும் வெளிநாட்டு வருடங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. எடுப்பவர்களும் ஆன்லைன் படிவத்தில் எடுப்பதில்லை. அந்தப் படிவத்தில் லைசென்ஸ் எண் கட்டம் உள்ளூர் வடிவத்தைத்தான் ஏற்கும். உங்கள் எண்ணைப் போட்டால் சிவப்பாகிவிடும். அதைத் தாண்ட வாய்க்கு வந்த எண்ணைப் போடுவதோ, 'முழு உள்ளூர் லைசென்ஸ்' என்று தேர்ந்தெடுப்பதோ மகா தப்பு. பல கம்பெனிகளுடன் வேலை செய்யும் புரோக்கரிடம் போனில் பேசுங்கள். அவர் கம்பெனியில் பிரீமியத்தை முடிவு செய்யும் அண்டர்ரைட்டரிடம் நேரடியாகக் கேட்டு வாங்குவார்.

தவறாகச் சொன்னால் என்ன ஆகும்? பிரிட்டனில் 2012 சட்டப்படி, வேண்டுமென்றே மறைத்தது என்றால் பாலிசியையே இல்லாததாக்கலாம்; கவனக்குறைவு என்றால், சரியாகச் சொல்லியிருந்தால் வந்திருக்கும் பிரீமியத்துக்கும் நீங்கள் கட்டியதற்கும் உள்ள விகிதத்தில் கிளெய்மைக் குறைக்கலாம். எதிர்த்தரப்பில் அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டு அதை உங்களிடம் வசூலிக்க வரும். இந்தியாவிலும் நீதிமன்றங்கள் 'முதலில் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலி' என்று உத்தரவிடுவது உண்டு. காரின் விலையோடு நஷ்டம் நிற்காது என்பதுதான் விஷயம்.

காரை வேறு ஒருவர் ஓட்டப் போகிறார், உரிமையாளர் நீங்கள் என்ற ஏற்பாடும் நேர்மையானதே. மனைவிக்கு லைசென்ஸ் இருக்கிறது, கணவர் பெயரில் வண்டி என்றால், பதிவில் கணவர், பாலிசியில் முதன்மை ஓட்டுநர் மனைவி என்று அப்படியே எழுதலாம். உரிமையாளரும் முதன்மை ஓட்டுநரும் வேறு வேறு என்றால் சில கம்பெனிகள் தயங்கும், சில கம்பெனிகள் உரிமையாளரை 'ஓட்ட மாட்டார்' என்று பாலிசியிலேயே விலக்கி எழுதும். அப்படி விலக்கிய பிறகு ஒரு தெரு முனை வரை நகர்த்தினாலும் பாதுகாப்பு இல்லை. உரிமையாளர் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார் என்றால் அதற்கும் பாலிசி உண்டு. பிரிட்டனில் புரொவிஷனல் என்ற பழகுநர் லைசென்ஸ்காரர் தன் சொந்தக் காரில் எல் பலகை மாட்டி ஓட்டலாம். பக்கத்தில் 21 வயது நிரம்பிய, முழு லைசென்ஸ் வாங்கி மூன்று வருடமான ஒருவர் உட்கார வேண்டும்.

நேர்மையில்லாத ஏற்பாடு எது என்றால், தினமும் ஓட்டுவது நீங்கள், பாலிசியில் முதன்மை ஓட்டுநராகப் பெயர் மச்சானுடையது. பிரீமியம் பாதியாகிவிடும், அதனால்தான் நம்மவர்கள் மத்தியில் இது ஏதோ சாமர்த்தியம் போல் பேசப்படுகிறது. இதற்குப் பிரிட்டனில் 'ஃபிரண்டிங்' என்று பெயர், மோசடியாகவே பார்க்கப்படும். விபத்து விசாரணையில் முதல் கேள்வியே "வண்டி இரவில் எந்த வீட்டு வாசலில் நிற்கும், காலையில் யார் வேலைக்கு எடுத்துப் போவார்?" என்பதுதான்.

வண்டியையே மச்சான் பெயரில் பதிவு செய்வதும் எனக்கு உடன்பாடில்லை. பணம் உங்களுடையது, காகிதத்தில் கார் அவருடையது. கேமரா அபராதம் அவர் வீட்டுக்குப் போகும். பிரிட்டனில் யார் ஓட்டியது என்று 28 நாளுக்குள் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குத் தனி அபராதமும் புள்ளியும் அவர் தலையில். அவருக்குக் கடன் பிரச்சினை, விவாகரத்து, மரணம் என்று வந்தால் உங்கள் கார் அவர் சொத்துக் கணக்கில் சேரும். விற்கும் நாளில் அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். உங்களுக்குக் கிளெய்ம் இல்லாத வருடங்களும் சேராது. லைசென்ஸ் இல்லாதபோதும் உங்கள் பெயரிலேயே பதிவு செய்து, அவர் உண்மையிலேயே ஓட்டினால் ஓட்டுநராகச் சேர்ப்பதுதான் உறவுக்கும் நல்லது.

பெயர்ச் சிக்கல்

தமிழர்களுக்கென்றே இருக்கும் தலைவலி இது. லைசென்ஸில் 'எஸ். முருகன்'. பாஸ்போர்ட்டில் பெயர் முருகன், குடும்பப் பெயர் சுப்பிரமணியன். வங்கியில் 'முருகன் சுப்பிரமணியன்'. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் கடிதத்தில் 'திரு. சுப்பிரமணியன்', அதாவது உங்கள் அப்பா. ஊரில் இதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்க மாட்டார்கள். அங்கே கணினி இவர்களை மூன்று பேராக எண்ணும். நியூயார்க் மாநிலத்தில் இன்சூரன்ஸ் அட்டையில் இருக்கும் பெயரும் பதிவுக்கான பெயரும் ஒன்றாக இல்லையென்றால் பதிவே நடக்காது. சர்வதேச அனுமதியிலும் லைசென்ஸில் உள்ள இனிஷியல் அப்படியே இறங்கிவிடும், பிறகு பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது.

முடிந்தால் கிளம்பும் முன்பே லைசென்ஸில் இனிஷியலை விரித்து எழுதும் திருத்தத்தைச் செய்துவிடுங்கள். போன பிறகு என்றால், பாஸ்போர்ட்டில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில், அதே எழுத்துக் கூட்டலில் இன்சூரன்ஸ், பதிவு, லோன், பார்க்கிங் எல்லாவற்றுக்கும் கொடுங்கள். ஓரிடத்தில் அழகுக்காக மாற்றினால் அடுத்த அலுவலகத்தில் திண்டாட வேண்டும்.

ஓட்டிப் பார்க்காமல் வண்டி பார்ப்பது

டெஸ்ட் டிரைவுக்கு டீலர் லைசென்ஸ் கேட்பார், அவர் இன்சூரன்ஸ் அப்படி. சிலர் வெளிநாட்டு லைசென்ஸையும் சர்வதேச அனுமதியையும் ஏற்பார்கள், சிலர் மாட்டார்கள். ஓட்ட முடியாவிட்டாலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். லைசென்ஸ் உள்ள நண்பரை ஓட்டச் சொல்லுங்கள். ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது 'டக்' என்று சத்தம் வந்தால் சஸ்பென்ஷன் புஷ் அல்லது லிங்க் தேய்மானம். 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் அதிர்வு வந்து பிறகு குறைந்தால் பெரும்பாலும் வீல் பேலன்ஸிங், செலவு குறைவு. பிரேக் அழுத்தும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் முன் டிஸ்க் சீராகத் தேயவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் மாறும்போது எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாமல் ஒரு கணம் தவித்தால், அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

போகும் முன்பே விற்பவரிடம் சொல்லி வையுங்கள்: எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று. போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சங்கடம் இருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம்.

வின் என்ற 17 எழுத்து அடையாள எண்ணை மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள்: முன் கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டு ஓரத்தில், கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில், பாடியில் குத்தியிருக்கும் இடத்தில். மூன்றும் பதிவுச் சான்றோடு ஒத்துப்போக வேண்டும். டயர் பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் தயாரானது. நான்கு டயரும் நான்கு வெவ்வேறு வருடத்தில் தயாரானவையாக இருந்தால், வண்டியைக் கவனித்த விதம் அதில் தெரியும்.

காரின் கணினி பதிந்த கோளாறுகளைப் படிக்க, பதினாறு முனை ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் சின்ன ரீடர் ஒன்று கையில் இருப்பது நல்லது. கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை என்று காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள். கார் தன்னைத் தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் 'ரெடினெஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல வரிகள் 'முடியவில்லை' என்று இருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். சில நாள் ஓடினால்தான் அவை மறுபடி நிரம்பும். சாக்கு என்னவென்று கேளுங்கள்.

இதற்கு மேல் விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவருக்குக் காசு கொடுத்து லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்வது, ஓட்ட முடியாதவருக்குக் கட்டாயம். அதற்கு மறுக்கும் விற்பவரிடம் வாங்க வேண்டாம். பழைய கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் அந்தந்த நாட்டுப் பதிவேட்டில் பார்த்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் பிபிஎஸ்ஆர் என்ற பதிவேடு, ஒன்டாரியோவில் மேலே சொன்ன தொகுப்பு, இந்தியாவில் ஆர்சியில் கடன் கொடுத்தவர் பெயரைக் காட்டும் ஹைப்பாதிகேஷன் வரி. கடன் வண்டியைத் தொடர்ந்து வரும் நாடுகளே அதிகம்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். காரின் எண், வின், மீட்டர் அளவு, தேதி, தொகை, இருவர் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் உள்ள ரசீது ஒன்று. லோன் எடுப்பவர்களிடம் பல வங்கிகள் உள்ளூர் லைசென்ஸை அடையாளமாகக் கேட்கும். ரெசிடென்ஸ் அட்டையும் சம்பளச் சீட்டும் போதுமா என்று முன்னாலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவருவதும் நிறுத்தி வைப்பதும்

இன்சூரன்ஸ் தொடங்கும் நேரத்தைப் பாருங்கள். பாலிசி நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கும் என்றால், அதற்கு முந்தைய மாலையே எடுத்து வரக் கூடாது. ஓட்டி வருபவரின் பெயர் பாலிசியில் இருக்க வேண்டும். "என் பாலிசியில் எந்தக் காரையும் ஓட்டலாம்" என்று நண்பர் சொன்னால் அவர் சான்றிதழை வாங்கிப் படியுங்கள். பல சமயம் அந்த வரி அதில் இருக்காது; இருந்தாலும் எதிராளிக்கு மட்டும் நஷ்ட ஈடு, உங்கள் காருக்கு ஒன்றும் கிடையாது. ஜெர்மனியில் இதற்கென்றே 5 நாள் தற்காலிக பிளேட் உண்டு. யாரும் இல்லையென்றால் ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றி வரச் சொல்லுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியையும் எலக்ட்ரிக் வண்டியையும் இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுத்து வரக் கூடாது, டிரான்ஸ்மிஷனும் மோட்டாரும் பழுதாகும்.

லைசென்ஸ் வரும் வரை நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கும் விதி உண்டு. பிரிட்டனில் ஓட்டாவிட்டாலும் இன்சூரன்ஸ் தொடர்ந்து இருக்க வேண்டும். வேண்டாமென்றால், வண்டி சாலையில் ஓடாது என்று அரசுக்குச் சொல்லும் 'சார்ன்' அறிவிப்புக் கொடுத்து, பொதுச் சாலையில் அல்லாமல் சொந்த இடத்தில் நிறுத்த வேண்டும். தெருவில் நிற்கும் வண்டிக்குச் சலுகை இல்லை.

நிற்கும் வண்டியில் முதலில் சாவது 12 வோல்ட் பேட்டரி. அலாரமும் இம்மொபிலைசரும் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவரும் எப்போதும் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். நிறைந்த பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போட வேண்டும். தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது உதவாது, ஸ்டார்ட்டர் குடித்ததைக்கூட அது திருப்பி நிரப்பாது. எஞ்சினும் சூடாகாததால் எண்ணெயிலும் சைலன்ஸரிலும் ஈரம்தான் சேரும். பிளக் வசதி இருந்தால் பேட்டரியை நிறைந்த நிலையிலேயே வைத்திருக்கும் ஒரு மெயின்டெய்னர் சார்ஜர் மாட்டிவிடுங்கள். இல்லையென்றால், பாலிசியில் பெயர் உள்ள யாராவது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டி வரட்டும். மழைக்காலத்திலும் பனியிலும் ஹேண்ட்பிரேக் போட்டே வாரக்கணக்கில் விட்டால் பின் பிரேக் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரில் அல்லது 'பி'யில் விடுங்கள். எலக்ட்ரிக் வண்டியைப் பாதி சார்ஜில் நிறுத்துங்கள்.

சாவியை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதும் உரிமையாளர் பொறுப்புதான். லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விட்டால் இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 5ஆவது பிரிவும் 180ஆவது பிரிவும் உரிமையாளர் மேல் பாயும். ஜெர்மனியில் அது குற்றவியல் வழக்கு. ஓட்டி வரும் நண்பருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் அட்டையைக் காட்டச் சொல்லலாம்.

உள்ளூர் லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். பாலிசியில் வெளிநாட்டு லைசென்ஸ் என்று எழுதியிருக்க, அதன் கெடு முடிந்துவிட்டால் பிறகு நடக்கும் விபத்தில் அதைப் பிடித்துக்கொள்வார்கள். சில கம்பெனிகள் மீதி மாதங்களுக்குப் பிரீமியத்தைக் குறைக்கும், சில திருத்தக் கட்டணம் மட்டும் கேட்கும். கேட்காமல் எதுவும் குறையாது. வருட முடிவில் ரினியூவல் வரும்போது விபத்தில்லாத முதல் வருடத்துக்கான சான்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பழைய ஊர்க் கடிதங்களையும் சேர்த்து இன்னும் இரண்டு மூன்று கம்பெனிகளிடம் விலை கேளுங்கள்.